தண்ணீரைக் கலைத்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. எங்கள் ஏரியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நீர்விமானத் தளம் ஒன்று இருந்தது. (தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பும் விமானங்கள்.) அங்கே வரலாற்றுப் பலகை வைக்க நூறு வார்த்தை கேட்டார்கள். ஊதித் தள்ளிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘குண்டுகள் முழங்கிய காலையில், இளம் விமானி தன் காதலியின்…’

(இங்கே எந்தக் குண்டும் விழவில்லை. காதலி இருந்ததற்கும் ஆதாரம் இல்லை.)

இரண்டாவது: ‘பன்னிரண்டு விமானங்கள், இருநூறு வீரர்கள், நாற்பது…’

இந்த இடத்தில் படகுக்கார அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அன்று விமானங்கள் நின்ற கொட்டகையில் இப்போது அவருடைய வாடகைப் படகுகள் நிற்கின்றன.

“இதுல எங்கப்பா எங்க?”

“அவரு என்ன வேல பாத்தாரு?”

“அலை போட்டாரு.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

3

காற்றில்லாத காலையில் ஏரி கண்ணாடியாகக் கிடக்குமாம். தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று விமானிக்குத் தெரியாது. இன்னும் உயரம் இருக்கிறதென்று நினைத்து நேராகப் போய் மோதிவிடுவான். அதனால் அக்காவின் அப்பா முன்னதாகவே மோட்டார் படகை வளைத்து வளைத்து ஓட்டித் தண்ணீரைக் கலைத்துவிட்டு வருவாராம்.

(பாத்திரம் இவ்வளவு அருமையாக அமைந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நானே கதை கட்டுகிறவன்தானே.)

பலகைக் குழுத் தலைவரான ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் கையை விரித்தார். “பதிவேட்டுல ‘கூலியாள்’னுதான் இருக்கு.”

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “எத்தன பேர உசுரோட வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. கூலியாளாம்! நீங்களும் நம்பலல்ல?”

4

மறுநாள் காலை, ஓர் இலைகூட அசையவில்லை. விமானங்களைத் தூக்கிய பழைய கிரேன் மேடையில் அக்கா என்னை ஏற்றினார்.

“குதிங்க தம்பி, பாப்போம்.”

நீச்சலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாய்ந்தேன். கீழேயும் வானம்தான் தெரிந்தது. இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் பளாரென்று ஓர் அறை.

அக்கா படகை எடுத்து நாலு சுற்றுச் சுற்றினார். சிற்றலைகள் எழுந்தன. மறுபடி பாய்ந்தேன். இந்த முறை தண்ணீர் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிந்தது; கை முதலில் போனது, பின்னால் நான் போனேன். தலையை வெளியே நீட்டி, “நம்பிட்டேன்க்கா!” என்று கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

5

முடிவு அ: தலைவர் மனம் மாறி, கண்கலங்கி… (அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

முடிவு ஆ: அக்காவே பெயின்ட் டப்பாவும் கையுமாக… (செய்யக்கூடியவர்தான். அதனால்தான் எழுதப் பயம்.)

நடந்தது இது. ஒரு வரி சேர்த்தேன்: ‘காற்றில்லாத காலைகளில் ஒரு படகோட்டி தண்ணீரைக் கலைத்தார், பிறகே விமானங்கள் இறங்கின.’ குழுவில் மூன்று பேர். தலைவர் முடியாது என்கிறார். பலகை எழுதும் பெயின்டர் போட்டே ஆகவேண்டும் என்கிறார். மூன்றாமவர், “எழுதிக் குடுங்க, படிச்சிட்டுச் சொல்றேன்” என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். இதுவரை நீங்கள் படித்தது அதைத்தான். அக்கா வெளியே வாசலில் நிற்கிறார். சொல்லுங்கள், அந்த வரிக்குக் கையைத் தூக்குகிறீர்களா, இல்லையா?