ஏழாம் எண்

காலைக் காட்சிக்கு இருநூறு பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான் பிடில் வில்லை இரும்புத் தகட்டின் ஓரத்தில் வைத்து இழுத்தேன். அதில் தூவியிருந்த மணல் துள்ளி ஓடி நட்சத்திரமாக நின்றது. பக்கத்தில் மைக்கோடு நின்ற என் மனைவி, அதிர்வு என்றால் என்ன என்பதைப் பாட்டாகவே பாடி விளக்கினாள். இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். இந்த அறிவியல் மையத்தில் பதினோரு வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. அவள் பேசுவாள், பாடுவாள், நான் வாசிப்பேன். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான், வாசிப்பு மட்டும் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் காது டாக்டர், "இடது காது பாதிக்கு மேல போயிடுச்சு. வலதும் பின்னாலேயே போயிட்டிருக்கு" என்றார். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல அவ்வப்போது மனதைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் மேடையில் நிற்க விடமாட்டாள். பிள்ளைகள் காதில் தப்பான சுருதி விழுவதை அவளால் பொறுக்க முடியாது. மேலாளர் வேறு, "சாருக்குப் பதிலா ரெக்கார்டு போட்டா என்ன?" என்று போன வருடமே கேட்டுவிட்டார். இந்த மேடையை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

காட்சியின் கடைசியில் காதுச் சோதனை. ஒரு கருவி மெல்லிய விசில் ஒலி எழுப்பும். மனைவி எண்கள் போட்ட அதன் குமிழைத் திருகத் திருக ஒலி உச்சத்துக்கு ஏறும். கேட்கிறவரை எல்லோரும் கையைத் தூக்கியிருக்க வேண்டும். வயது ஏற ஏற உச்ச ஒலிகள் கேட்காமல் போகும் என்பது பாடம். அதைக் காட்டப் பெரியவர் ஒருவர் தேவை, அது நான். பன்னிரண்டாம் எண்ணில் நான் கையை இறக்குவேன். மாமாவை ஜெயித்துவிட்டதாகப் பிள்ளைகள் ஆர்ப்பாட்டம் செய்வார்கள். இப்போது எனக்கு ஐந்தோடு சரி. மிச்சத்தைக் குமிழின் எண்ணைப் பார்த்துச் சமாளிக்கிறேன். பிள்ளைகள் பக்கம் பார்ப்பதே இல்லை.

இன்று ஏழாம் எண்ணில் அவள் கை நின்றது. நான் எட்டுக்காகக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மைக்கில், "என்ன கண்ணுங்களா, கேக்குதா?" என்றாள். ஏதோ கத்தினார்கள். என் பக்கம் திரும்பி, "பிடில் மாமா, உங்களுக்கு?" என்றாள். தினமும் கேட்கிற கேள்வி. நானும் தினமும் சொல்கிற பதிலைச் சொன்னேன்.

"கணீர்னு கேக்குதே!"

அரங்கமே சிரித்தது. அப்போதுதான் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒரு கைகூட மேலே இல்லை, என்னுடையதைத் தவிர. கருவியிலிருந்து கழன்ற ஒயர் என் ஷூவுக்கு அடியில் கிடந்தது.

மனைவி ஒயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தெரியாததைத் தெரியாது என்றே பிள்ளைகளிடம் சொல்கிறவள் அவள். பூசி மெழுகி நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா? தினம் கேட்டுக் கேட்டுப் பழகிட்டா, சத்தமே இல்லாதப்பவும் கேக்கற மாதிரி மூளை நம்மள ஏமாத்திடும். மாமா அதைத்தான் நடிச்சுக் காட்டினாங்க. எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். நான் குனிந்து வணங்கினேன். வெட்கமாக இருந்தது. மூன்று மாதத்தில் உள்ளே ஏதோ ஒன்று தட்டுப்பட்டது அப்போதுதான்.

அரங்கம் காலியானது. அடுத்த காட்சிக்கு அரை மணி நேரம் இருந்தது. அவள் ஒயரைச் சொருகி, குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தகட்டு மணலைப் பிரஷால் கூட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே விளக்கு அணைந்திருந்த ஒலிக்கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிச் சன்னலில் அவள் தெரிந்தாள். எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில், மைக் இல்லாமல் நின்று ஏதோ சொன்னாள். நிறுத்தினாள். காத்திருந்தாள்.

காதில் விழுந்ததுபோலத் திரும்பியிருக்கலாம். சமாளிப்பது எனக்குக் கைவந்த கலை. இந்த முறை வேண்டாம் என்று பிரஷை நகர்த்திக்கொண்டே இருந்தேன். கண்ணாடியில் அவள் ஓரடி முன்னால் வந்தாள். உதடுகள் மறுபடி அசைந்தன.