நான்காம் தொட்டி

ஆற்றின் இரு கரையிலும் மலைச்சரிவிலும் திராட்சையைத் தவிர வேறெதுவும் தலையெடுக்காத பள்ளத்தாக்கு அது. ஆற்றங்கரைப் பழம் மென்மையானது, கனம் போதாது. சரிவில் விளைவது கருகருவென்றிருக்கும். அதன் ஒயினைத் தனியாகக் குடித்தால் நாக்கைச் சுருட்டிப் பிடிக்கும். கல்லாங்காட்டுச் சின்னப்பழத்துக்குப் புளிப்பு ஜாஸ்தி. மூன்றின் ஒயினையும் அளவறிந்து சேர்த்தால்தான் பள்ளத்தாக்கின் பெயர் போட்ட சிவப்பு ஒயின். அந்த அளவைச் சொல்கிறவள் அவள். கலவைக்காரி என்றால்தான் ஒயின் ஆலையில் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவள் நாக்கு சொன்னதே தீர்ப்பு. தொட்டி வேலைக்கும் அவள் சொல்தான்.

அவள் கொழுந்தனுக்கு அங்கே தொட்டி கழுவும் வேலை. ஊரே ஒயினில் மிதந்தாலும் அவன் ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டான். அதனால் பச்சைத்தண்ணி என்று பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்ப்பான்.

அந்த வருஷம் அறுவடைக்கு நடுவில் மழை மிரட்டியது. தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, பழம் வண்டியிலேயே நசுங்கிச் சாறு ஒழுகியது. நான்காம் தொட்டியில் புளித்து முடிந்த ஒயினை அன்று காலையில்தான் வடித்திருந்தார்கள். அடியில் இடுப்பளவு சக்கை கிடந்தது. ஆள் இறங்கி அதை அள்ளிப்போட்டால்தான் புதுப்பழத்துக்கு இடம்.

புளித்த சக்கையிலிருந்து வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆளை மூச்சடைத்துச் சாய்த்துவிடும். அதனால் காற்றாடி வைத்து இரண்டு மணி நேரம் ஊதவிட்ட பிறகுதான் இறங்குவார்கள். ஆலையில் இருந்ததே ஒரு காற்றாடி. அது ஏழாம் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் அவளிடம் வந்து கேட்டான். “அண்ணி, காத்தாடி வர்ற வரைக்கும் இருக்கட்டுமா?”

வாயிலிருந்த ஒயினைத் துப்பிவிட்டு அவள் வாசல்பக்கம் பார்த்தாள். “தொட்டிக் கதவு காலையிலேர்ந்து தொறந்துதானே கெடக்கு. சீக்கிரம் முடிச்சுடு.”

அவன் தலையாட்டிவிட்டு மண்வெட்டியோடு போனான்.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் நின்றுபோயிற்று. இளைப்பாறுகிறான் என்றுதான் நினைத்தாள். பிறகு மனது கேட்காமல் போய் எட்டிப் பார்த்தாள். சக்கைமேல் குப்புறக் கிடந்தான். உள்ளே பாயப்போனவளை இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். காற்றாடியைக் கழற்றிக் கொண்டுவந்து ஊதி, ஆளை வெளியே எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். குடிபோதையில், யாரிடமும் சொல்லாமல் தொட்டியில் இறங்கினார் என்று அதில் இருந்தது. உடம்பெல்லாம் ஒயின் வாடை அடித்ததற்குப் பத்துப் பேர் சாட்சி என்றார். ஆலையை மூடினால் இத்தனை தோட்டக்காரர்களும் பழத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்டார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, “உங்க பேரும் இதுல வராது” என்றார்.

அதைக் கேட்டதும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதியை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் கூசிப்போயிருக்கிறாள். அன்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு பரவியது. பச்சைத்தண்ணியின் வேஷம் கலைந்தது என்று சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஓர்ப்படி, செத்தவனின் மனைவி, வந்தாள். அழுது ஓய்ந்த முகம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அக்கா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். பதினோரு வருஷம் அவரோட வாழ்ந்திருக்கேன். எனக்குத் தெரியாம குடிச்சாராக்கா?”

செத்தவனைப் பெண்டாட்டியே சந்தேகப்படும்படி ஆகிவிட்டது. அதற்குமேல் கலவைக்காரியால் தாங்க முடியவில்லை.

“அவன் குடிக்கல. காத்தாடி வரட்டுமான்னு கேட்டான். நான்தான் எறங்கச் சொன்னேன்.”

ஓர்ப்படி முந்தானையை இழுத்துச் செருகினாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. “இத விசாரணையில வந்து சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாளே கலவைக்காரி விசாரணை அதிகாரியிடம் போய், தான் முன்பு கையெழுத்துப் போட்டது பொய் என்று சொன்னாள். குடிபோதை என்ற வார்த்தையை அடித்தார்கள். அவள்மேலும் மேனேஜர்மேலும் வழக்கு விழுந்தது. வேலை போயிற்று. தம்பியைக் கொன்றவள் சமைத்ததை எப்படித் தின்பது என்று கேட்ட கணவன், தோட்டத்துக் கொட்டகையிலேயே தங்கிவிட்டான். ஆலை மூடப்படவில்லை. வேறொருவன் வந்து ஒயினைக் கலந்தான். நான்காம் தொட்டியில் வடித்த ஒயினும் அதில்தான் சேர்ந்தது. நல்ல வருஷம் என்று சொல்லி வாங்கிப் போனார்கள்.

கோர்ட்டுக்குப் போக ஊரிலிருந்து ஒரே பஸ். ஓர்ப்படி முன்னால் ஏறி உட்காருவாள், இவள் கடைசி சீட்டுக்குப் போய்விடுவாள். ஒருமுறை கூட்டம் நெரித்ததில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பாதி வழிவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஓர்ப்படி, திரும்பாமலே கேட்டாள்.

“ஒனக்கு ஜெயில் கெடைக்குமா?”

“கெடைக்கும்னுதான் வக்கீல் சொல்றாரு.”

ஓர்ப்படி தலையை அசைத்துக்கொண்டாள். கோர்ட் வாசலில் இருவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள்.