கென்டக்கி வழி

வலப்பக்கம் திரும்பினால் படகுத்துறை, இடப்பக்கம் பாலம். ட்ரீனா வண்டியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் வெண்டல் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கில் மாட்டிய குழாயில் ஆக்சிஜன் சீறிக்கொண்டிருந்தது. அவள் இடப்பக்கம் திருப்பினாள்.

மிசௌரியில் பெரியப்பா விட்டுப்போன காட்டுக்கு ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்கு வருவார்கள். பாலத்தைத் தாண்டி, இல்லினாய்ஸைக் குறுக்கே கடந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இந்தியானாவில் வீடு போய்ச் சேரலாம். வெண்டல் போகமாட்டார். தெற்கே வெகுதூரம் இறங்கி, வண்டியைப் படகில் ஏற்றி, கென்டக்கியில் கரையேறி, சுற்றிச் சுற்றி வந்து இருட்டிய பிறகுதான் வீடு சேர்வார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்த வழிக்கு அம்மா லவோன் 'வெண்டல் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்திருந்தாள்.

காரணம், பின்சீட்டில் பூட்டிக் கிடந்த சின்னப் பெட்டி. உள்ளே, துப்பாக்கி முனையில் திருகி மாட்டுகிற சைலன்சர். மிசௌரியில் அதை வைத்திருக்கலாம், கென்டக்கியில் வைத்திருக்கலாம், இந்தியானாவிலும் வைத்திருக்கலாம். நடுவில் கிடக்கிற இல்லினாய்ஸில் வைத்திருந்தால் ஜெயில். தெற்கே ஓரிடத்தில் பாலம் வழியாகவே கென்டக்கி போகலாம், இல்லினாய்ஸ் மண் கொஞ்ச தூரம்தான் குறுக்கே வரும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கும் வெண்டல் ஒப்பவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள்.

சினிமாவில் கொலைகாரன் இதை மாட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் சுடுவதெல்லாம் சும்மா. மாட்டினாலும் வெடிச்சத்தம் காட்டுக்கே கேட்கும். சுடுகிறவர் காது மட்டும் தப்பிக்கும். வெண்டலுக்கு அந்த ஞானம் காலம் கடந்துதான் வந்தது. வலத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு முதலில் போவது இடக்காது. அது சுத்தமாகப் போய், வலக்காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்துக்காக லவோன் காலமெல்லாம் கத்தினாள். குழம்பில் உப்பு கூடிப்போனாலும், படுக்கையில் கோபித்துக்கொண்டாலும், மூன்றாவது வீட்டுக்குத் தெரிந்துவிடும். நானும் வேட்டைக்கு வருவேன் என்று ட்ரீனா அடம்பிடித்தபோது, அவள் காதாவது பிழைக்கட்டும் என்றுதான் சைலன்சரை வாங்கினார். உரிமம் அவர் பேரில். அவர் கூட இருந்தால்தான் அவள் அதைத் தொடலாம். யாரிடமாவது கொடுத்துவைத்தால் அதுவும் குற்றம்.

நுரையீரலில் புற்று. கிறிஸ்துமஸ் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியாக ஒருதரம் போய்விட்டு வருகிறேன் என்று வெண்டல் பிடிவாதமாக நின்றார், லவோன் கத்தித் தீர்த்துவிட்டு அனுப்பிவைத்தாள். இன்று காலை மான் எதிரே வந்து நின்றது. அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை.

"பாப்பா, வீட்டுக்குப் போலாம். உங்கம்மாவப் பாக்கணும்."

ஆஸ்பத்திரி என்றதும் அவள் கையைத் தட்டிவிட்டார். அந்த மூச்சைக் கேட்டவளுக்கு, இருட்டும்வரை அது தாங்காது என்று தெரிந்தது.

பாலம் முடிந்ததும் இல்லினாய்ஸ். ட்ரீனா வேக முள்ளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஒருநாளும் அபராதம் கட்டியதில்லை. அம்மாவின் முகத்தை அப்பா உயிரோடு பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வெகுநேரம் கழித்து வெண்டல் கண்ணைத் திறந்தார்.

"படகு வந்துருச்சா?"

"தாண்டியாச்சுப்பா! நல்லாத் தூங்கிட்டீங்க!" செத்த காதுதான் அவள் பக்கம் இருந்தது. தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது.

"இது எந்த ஊரு?"

"கென்டக்கி!"

அவர் வெளியே பார்த்தார். இருபுறமும் அறுவடை முடிந்த சோளக்காடு. ஒரு கார் முந்திப் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. இரண்டின் நம்பர் பலகையையும் நிதானமாகப் படித்தார்.

"கென்டக்கிக்காரன் எல்லாம் இல்லினாய்ஸ் வண்டியா வாங்கி வச்சிருக்கான்" என்றார்.

ட்ரீனாவுக்குக் காது மடல் சுட்டது. வண்டியைத் திருப்பு என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து சாலையையே பார்த்தாள்.

"அந்தப் பெட்டிய எடுத்து என் மடில வை."

"எதுக்குப்பா?"

"என் பேர்ல இருக்கு. மாட்டுனா நான் மாட்டிக்கிறேன். நீ எனக்கு ஒண்ணும் தெரியாது, தூங்கிட்டிருந்தேன்னு சொல்லிரு."

"வண்டி ஓட்டுறவ தூங்கிட்டிருந்தேன்னா சொல்லுவா?"

அவர் சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று. அவள் ஓரமாக நிறுத்தி, பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பக் கிளம்பும்போது போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டு அவர் வலக்காதருகே பிடித்தாள்.

"வெண்டல்! மாத்திர போட்டியா?" லவோனின் குரலில் வண்டியே அதிர்ந்தது.

"போட்டேன்."

"இப்ப எங்க இருக்க?"

வெண்டல் மகளைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"கென்டக்கி" என்றார்.

"அந்தப் பாழாப்போன படகுலதானா? இன்னைக்குக் கூடவா? எப்ப வந்து சேரப்போற?"

"சீக்கிரம் வந்துருவேன், லவோன்."

"கோழி சூப்பு வச்சிருக்கேன். ஆறிப்போச்சுன்னா சுடவச்சுத் தரமாட்டேன், ஆமா!"

"தருவ" என்றார் வெண்டல், போன் அணைந்த பிறகு.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இந்தியானா எல்லைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பெட்டியிலிருந்து ஒரு கை நழுவி விழுந்தது. ட்ரீனா அந்தக் கையைத் தொட்டாள். கழுத்தில் விரல் வைத்தாள். "அப்பா!" என்று கத்தினாள். அந்தப் பக்கத்துக் காது எப்போதும்போல இருந்தது.

நிறுத்தவேண்டும். யாரையாவது கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் போலீஸ் வரும், மடியில் பெட்டி இருக்கும். மாட்டிக்கொள்கிறேன் என்றவர் போய்விட்டார். பெட்டியை வைத்துக்கொண்டு, விசாரித்துக்கொண்டு, அவரை முன்பின் தெரியாத ஊர்ச் சவக்கிடங்கில் கிடத்திவிடுவார்கள். அவள் நிறுத்தவில்லை. நழுவிய கையை எடுத்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு, ஒரு கையால் ஓட்டினாள். அழுகை வந்து சாலை மங்கியபோது வேகத்தைக் குறைத்தாள். ஆக்சிஜனை அணைக்க மனம் வரவில்லை. அது சீறுகிறவரை வண்டியில் இரண்டு பேர் இருக்கிற மாதிரி இருந்தது.

எதிரே ஒரு ஷெரீப்பின் போலீஸ் கார் வந்தது. உள்ளே இருந்தவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். அவளும் விரலைத் தூக்கினாள்.

வாபாஷ் ஆற்றுப் பாலத்தின் அக்கரையில் இந்தியானாவின் பெயர்ப்பலகை வந்தது. "தாண்டியாச்சுப்பா" என்றாள். இந்தத் தடவை கத்தவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் லவோன் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அதுக்குள்ள எப்படிடீ? கென்டக்கின்னாரே உங்கப்பா?"

ட்ரீனா இறங்கினாள். லவோன் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியே புருஷனைப் பார்த்தாள். கரண்டியை வண்டியின் முன்பக்க மூடிமேல் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எங்க?"

"எல்லைக்கு முன்னாடிம்மா. இல்லினாய்ஸ்ல. நான்தான் பாலத்து வழியா... உன்னப் பாக்கணும்னாரு. எட்டமுடியல."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

லவோன் தலையை ஆட்டினாள். மடியிலிருந்த பெட்டியை எடுத்து, பார்க்காமலே மகளிடம் நீட்டினாள். ஆக்சிஜனைத் திருகி அணைத்தாள். மூக்குக் குழாயைக் கழற்றி, அது பதிந்திருந்த கன்னத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். அதன்பின் குனிந்து, அவருடைய வலக்காதில் வாயை வைத்து, என்னவோ சொல்ல ஆரம்பித்தாள்.

ட்ரீனா பெட்டியைப் பிடித்தபடி இரண்டடி தள்ளி நின்றாள். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி படபடப்பதும், உள்ளே அடுப்பில் சூப்பு கொதிப்பதும் கூட அவளுக்குத் தெளிவாகக் கேட்டன. அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.