ஓட்டுகிறவளும் பக்கத்தில் இருக்கிறவளும்

"பிரேக்க மிதி! தோமி, பிரேக்க மிதி!"

"அண்ணி, சிக்னலுக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருக்கு."

"இருந்தா என்ன? நீ நெனச்சு மிதிக்கிறதுக்குள்ள அது வந்துடும்."

மசாயோவுக்கு எழுபத்தெட்டு வயது. நாத்தனார் தோமிகோ ஒரு வயது இளையவள். இருவரும் கணவர்களை இழந்தவர்கள். ஷிமானே மாகாணத்து மலைப்பக்கத்தில் அடுத்தடுத்த வீடு. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு வெள்ளைச் சின்னக் கார். ஊருக்குப் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கடை, மருத்துவர், தபால் நிலையம் எல்லாம் கீழே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. போகும்போது தோமிகோ ஓட்டுவாள், வரும்போது மசாயோ. ஒன்பது வருடமாக இந்த ஏற்பாடு நடக்கிறது. மசாயோவின் பொறுமைக்கும் அதே வயதுதான், என்றைக்கோ தேய்ந்துபோயிருந்தது.

தோமிகோ அறுபதில் போக வேண்டிய சாலையில் நாற்பதில் போவாள். பின்னால் லாரிகள் கோயில் ஊர்வலம் போல வரிசை கட்டி வரும். பெர்சிமன் பழம் பழுத்த மரத்தைப் பார்த்தால் "யார் வீட்டு மரம் இது?" என்று கழுத்தைத் திருப்புவாள், காரும் கூடவே திரும்பும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் காதில் விழாது. சளி மாத்திரை போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். கேட்டால், "தூக்கம் இல்ல அண்ணி, வாய் சும்மா திறக்குது" என்பாள்.

அந்த இலையுதிர்காலத்தில் இருவரின் ஓட்டுநர் உரிமத்தையும் ஒன்றாகப் புதுப்பிக்க வேண்டி வந்தது. எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு முதலில் ஞாபகச் சோதனை, பிறகு ஓட்டுநர் பள்ளியில் இரண்டு மணி நேர வகுப்பு. கடிதம் வந்த அன்று மசாயோ மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டாள். தோமி எப்படியும் இதில் விழுந்துவிடுவாள், அதன் பிறகு காரைத் தான் மட்டும் நிம்மதியாக ஓட்டலாம் என்பது அவள் எண்ணம். அதை நினைத்துக்கொண்டே அன்று இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.

ஞாபகச் சோதனையில் பதினாறு படம் காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன என்று எழுதச் சொன்னார்கள். மசாயோ பதினைந்து எழுதினாள். தோமிகோ ஒன்பதோடு நிறுத்திவிட்டாள், ஆனாலும் தேறிவிட்டாள்.

"ஒன்பதுதானா?"

"அதுல நாலு சாப்பாட்டுச் சாமான் அண்ணி. பசில நல்லா ஞாபகம் இருந்துச்சு."

இப்படியும் ஒருத்தி தேறுவாளா என்று மசாயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் பள்ளியில் ஒகாதா என்ற ஐம்பது வயதுப் பயிற்சியாளர் அம்மாள் இருவரையும் அழைத்துக்கொண்டார். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து நேரே பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். தோமிகோ இரண்டு பக்கமும் டக் டக்கென்று அழுத்தினாள். மசாயோ வலது பக்கம் அழுத்தினாள். பிறகு காத்திருந்தாள்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள்.

"இடது பக்கம் அஞ்சு தடவை காட்டிட்டேன்" என்றார் ஒகாதா.

"மெஷின் கெட்டுப்போச்சு."

வேறொரு கருவியில் வைத்துப் பார்த்தார்கள். அதிலும் அப்படியே. அடுத்து பள்ளி மைதானத்தில் ஓட்ட வேண்டும். மசாயோ ஸ்டியரிங்கில், ஒகாதா பக்கத்தில், தோமிகோ பின்னால். இடது திருப்பத்தில் கார் பொத்தென்று விளிம்புக் கல்லில் ஏறி இறங்கியது. அங்கே நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்காரப் பொம்மை ஒன்று தரையில் கிடந்தது. ஒகாதா பிரேக்கை மிதித்துவிட்டு, "இடது பக்கம் கண் மருத்துவரிடம் காட்டிடுங்கம்மா. அதுவரைக்கும் ஓட்ட வேண்டாம்" என்றார்.

பின்சீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நாத்தனார் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதைத் தாங்க மசாயோவால் முடியவில்லை.

வரும்போதும் தோமிகோதான் ஓட்டினாள். பாதி வழி வந்த பிறகு மசாயோ, "ஏதாவது சொல்லித் தொலையேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. ஒரு வருஷமா."

"என்ன தெரியும்?"

"இடது பக்கத்துல தேநீர் வச்சா நீங்க எடுக்கவே மாட்டீங்க. அதனால வலது பக்கமா வைக்க ஆரம்பிச்சேன். கீழத் தெருக் கிழவர் கும்பிட்டப்ப நீங்க பார்க்காம போயிட்டீங்க. அவர் இன்னும் கோபத்துல இருக்கார்."

"ஒரு வருஷம்! சொன்னா என்ன, வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சொன்னா கேப்பீங்களா? 'உன் கண்ணப் பாருடி'ன்னு சொல்லியிருப்பீங்க."

மசாயோ அப்படிச் சொல்லியிருப்பாள்தான். அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

நகரத்து மருத்துவமனையில் கண்ணுக்குள் அழுத்தம் கூடும் கிளாக்கோமா என்றார்கள். வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும் நோய். இடது கண்ணின் வெளிப்பக்கப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. போனது போனதுதான், சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். "தெரியாத பக்கத்த மூளை தானா நிரப்பிக்கும். அதனாலதான் எதுவும் குறையற மாதிரி உங்களுக்குத் தெரியல" என்றார் மருத்துவர். "கார் வேண்டாம்."

மசாயோ மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் தோமிகோவின் வாசலில் போய் நின்றாள்.

"நான் உரிமத்தத் திருப்பிக் கொடுத்துடறேன். ஆனா ஒரு நிபந்தனை. நீயும் ஒழுங்கா ஓட்டணும்."

"நான் ஒழுங்காத்தான்..."

"வாய மூடு. காதுக்குக் கருவி வைக்கணும். சளி மாத்திரை போட்டா சாவியத் தொடக் கூடாது. இருட்டினா வெளியே போகக் கூடாது. மரத்தப் பார்த்துக் கழுத்தத் திருப்பக் கூடாது. அப்புறம், ஒகாதா அம்மாகிட்ட நாலு வகுப்பு."

"நாலா?"

"நாலு. நானும் வருவேன்."

காவல் நிலையத்தில் மசாயோ உரிமத்தை நீட்டியபோது அங்கிருந்தவர், "ரொம்ப நாள் ஓட்டியிருக்கீங்க, நன்றி" என்று குனிந்து வணங்கினார். பதிலுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தார். அட்டையில் இருந்த படம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் வகுப்பு ஐம்பது நிமிடம். மசாயோ பின்சீட்டில். பேசக் கூடாது என்று ஒகாதா முன்பே சொல்லியிருந்தார். தோமிகோ கார்க் கண்ணாடிகளைச் சரிசெய்தாள், இருக்கையை உயர்த்தினாள், சாலையில் இறங்கினாள். பத்தாம் நிமிடம் மசாயோ கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். இருபதாம் நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் ஒகாதா பின்னால் திரும்பினார்.

"பின்னாடி இருக்கிறவங்க ஏதாவது கவனிச்சீங்களா?"

"பதினோரு விஷயம்" என்றாள் மசாயோ.

ஒகாதா குறிப்பேட்டைத் திறந்தார். மசாயோ சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஏழு விஷயத்தை ஒப்புக்கொண்டார். நாலு விஷயம் மிகைப்படுத்தல் என்றார். அந்த நாலையும் பற்றி அவர்கள் வாகன நிறுத்துமிடத்திலேயே நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். தோமிகோ காரின் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, வாங்க. மீன் கடை மூடிடும். நாற்பதுல போனா போய்ச் சேர்றதுக்குள்ள மூடிடும்னு நீங்கதான சொல்வீங்க."

"ஐம்பதுல போ" என்றாள் மசாயோ ஏறிக்கொண்டே. "ஐம்பதுக்கு மேல போனா இறங்கிடுவேன்."