ஆயிரம் துண்டு கியாரண்டி

பழைய சாமான் கடைக்காரருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் கியாரண்டி. இறக்கை உடைந்த மின்விசிறியை, "சத்தமே வராது, கியாரண்டி" என்று விற்றவர். கதவு சாத்தாத பீரோவை, "சாவி தொலைஞ்சிடுமோங்கிற கவலையே வேண்டாம்" என்று தலையில் கட்டியவர். பொய் சொல்ல மாட்டார். சரக்கில் எங்கேயாவது ஒரு நல்ல குணம் ஒளிந்திருந்தால் அதைத் தேடிப் பிடித்து அதை மட்டும் சொல்வார். தன் சரக்கைப் பற்றி அவர் வாயால் ஒரு குறை கேட்டவர் இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கிடையாது.

அவர் மனைவி மளிகை மொத்த வியாபாரியின் மகள். எடைக்கல்லைப் பொம்மையாக வைத்து விளையாடி வளர்ந்தவள். வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் தன் கோரிக்கையை வைத்தாள்.

"இந்த சனி ஞாயிறு கடை நம்ம வாசப்படி ஏறக் கூடாது. சாமான் வரக் கூடாது, போன் வரக் கூடாது, பேச்சும் வரக் கூடாது. ரெண்டு நாள். நீங்களும் நானும் மட்டும்."

"தப்பித் தவறி வந்துடுச்சுன்னா?" அபராதத்தை முதலில் தெரிந்துகொள்வது கியாரண்டியின் வழக்கம்.

"கோவிச்சுக்க மாட்டேன். அக்கா வீட்டுக்குப் பொட்டி கட்ட மாட்டேன். இனிமே கேக்க மாட்டேன், அவ்வளவுதான்."

கியாரண்டி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்; கடையில் இந்த ரகம் அவருக்குத் தெரியும். விலை அநியாயம் என்று கத்துகிற ஆள் திரும்பி வருவான். கடையையே திட்டிவிட்டுப் போகிறவனும் நாலு கடை தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வருவான். சிரித்தபடி பொருளைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகிறவன்தான் வரவே மாட்டான். அந்தச் சிரிப்பு அப்போது அவள் முகத்தில் லேசாக எட்டிப் பார்த்தது. ஏழு தடவை கேட்டிருக்கிறாள். ஏழு தடவையும் யாராவது எங்கேயாவது ஒரு வீட்டைக் காலி செய்து தொலைத்தார்கள், இவர் தள்ளுவண்டியோடு ஓடினார்.

"ஏறாது," என்றார். "கியாரண்டி."

மறுநாளே வந்தது வினை, பல் டாக்டர் உருவத்தில்.

இரண்டு தெரு தள்ளிக் கிளினிக் வைத்திருக்கிற அந்த டாக்டர், ஏதோ கத்தரிக்கோல் தேடி வந்தவர், அலமாரியில் இருந்த ஜிக்சா பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். ஆயிரம் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு துறைமுகப் படம் வரும். நாற்பது பாய்மரப் படகு, ஒரு கலங்கரை விளக்கம், கரையில் ஒரு நாய்.

"நோயாளிங்க உக்கார்ற ஹாலுக்குச் சரியா இருக்கும். இப்ப வெத்துச் சுவத்தைப் பாத்துப் பாத்து நடுங்குறாங்க. ஆனா ஒரு துண்டு குறைஞ்சாலும் எனக்கு வேண்டாம். பல் டாக்டர் சுவத்துல ஓட்டை இருந்தா நல்லாவா இருக்கும்?"

"ஆயிரமும் இருக்கு, கியாரண்டி."

"எண்ணிட்டீங்களா?"

"எண்ணினா ஆச்சா டாக்டர்? வேற பெட்டித் துண்டு கலந்திருந்தா என்ன பண்ணுவீங்க? சேத்துப் பாத்தே தரேன். திங்கட்கிழமை கடைக்கு வாங்க."

நாக்கு முந்திக்கொண்டது. புத்தி வந்து சேர்ந்தபோது டாக்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டார். திங்கட்கிழமைக்கு முன்னால் இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஒரு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு பெட்டியைப் பூப்போட்ட காகிதத்தில் சுற்றி, சின்னதாக ஒரு நாடாவும் கட்டினார்.

"என்னங்க இது?" என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி.

"ரெண்டு பேரும் சேந்து விளையாடலாம்னு கொண்டாந்தேன்."

"நமக்கா?"

"பின்னே? ஆயிரம் துண்டை நான் ஒத்தையாளா சேக்க முடியுமா?"

ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. அவள் நாடாவை அவிழ்த்த விதத்தைப் பார்த்ததும் உறுத்தல் இன்னொரு சுற்று இறுகியது. நாடாவைச் சுருட்டி பத்திரமாக எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைக் காலி செய்து துண்டுகளைக் கொட்டினார்கள். கியாரண்டிக்கு இது வேலை. கடையில் ஆணி, திருகு, கீல் என்று பிரித்துப் போடுவதுபோல நிறம் நிறமாகப் பிரித்தார். அவளோ எதையும் பிரிக்கவில்லை. துண்டின் வடிவத்தைப் பார்த்து நேராகக் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒன்று வைப்பதற்குள் அவள் மூன்று வைத்தாள்.

அரை மணியில் பேரம் ஆரம்பித்துவிட்டது.

"படகு எல்லாம் எனக்கு," என்றாள். "வானம் உங்களுக்கு."

"வானத்துல என்ன இருக்கு? எல்லாம் ஒரே நீலம். பத்து படகு குடு, வானத்தை எடுத்துக்கறேன்."

"நாலு."

"எட்டு."

"ஆறும் கலங்கரை விளக்கமும். டீ போடறதும் நீங்கதான்."

"டீ எதுக்கு நடுவுல வருது?"

"வேண்டாம்னா கலங்கரை விளக்கத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க."

டீ போட்டார். மேசையில் இடமில்லாததால் ரொட்டியையும் முட்டையையும் அடுப்படி மேடையில் சாய்ந்தபடியே சாப்பிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் அவருக்கு நேரம் போனது தெரியவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்யும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. ஹால் சுவரில் பதினோரு வருடமாகத் தொங்குகிற பச்சைத் திரையைத் தனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது என்றாள். சின்ன வயதில் தராசுத் தட்டில் உட்கார்ந்து அப்பாவிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னாள். அவர், தான் முதன்முதலாக விற்ற பொருள் தன் பள்ளிக்கூடப் பைதான் என்றார், அதுவும் பரீட்சைக்கு முந்தின நாள். அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு படகு கீழே விழுந்தன.

"மூளை இல்லாத வியாபாரம்!"

"நல்ல விலை வந்துச்சும்மா!"

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. யாரும் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை. டாக்டர் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே கியாரண்டிக்கு மறந்து போயிருந்தது. கடைசித் துண்டை வைக்கிற பெருமை தனக்கே கிடைக்க வேண்டும் என்று, நாயின் வாலை மட்டும் சட்டைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டார். மழை விட்ட சாயங்காலம், மேசையில் எல்லாம் தீர்ந்தபோது, படத்தில் இரண்டு ஓட்டை இருந்தது. ஒன்று நாயின் வால். இன்னொன்று கலங்கரை விளக்கத்தின் விளக்கு.

விளக்கை அவர் ஒளிக்கவில்லை. மேசைக்கடியில் போனார், நாற்காலியைப் புரட்டினார், குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். அவள் கன்னத்தில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் அந்த மூலையில பாருங்க," என்றாள். அப்புறம் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து விளக்கை எடுத்தாள். "முதல்ல உங்க சட்டைப் பையில இருக்கறதை எடுங்க. காலையிலேயே பாத்துட்டேன்."

இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்தார்கள். ஆயிரம்.

"ஒட்டி, சட்டம் போட்டு, அந்தப் பச்சைத் திரைக்குப் பதிலா இதை மாட்டிடலாம்," என்றாள். கியாரண்டியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசல் மணி அடித்தது.

கதவை ஒருக்களித்துத் தலையை மட்டும் நீட்டினார். பல் டாக்டர்.

"நாளைக்குல்ல வரச் சொன்னேன்?"

"மனசு தாங்கலை. சேத்துப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு" என்றால் கடை வாசப்படி ஏறிவிடும். கியாரண்டி உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர்... ஒண்ணு குறையுது."

சொன்ன பிறகு அவர் நாக்கே அவருக்கு அந்நியமாகப் பட்டது.

"ஒண்ணுதானே? அடைச்சுடலாம். என் தொழிலே அதுதானே? அச்செடுத்து, கலர் பாத்து, கச்சிதமா உக்கார வெச்சிடுவேன்."

"ஒண்ணு இல்ல, நாலு. பக்கத்துப் பக்கத்துல."

"பாலம் கட்டிடறேன்."

"சாயம் வேற போயிடுச்சு. ஒரே மஞ்சள்."

"வெளுத்துடலாம். வாரத்துக்குப் பத்துப் பேர் அதுக்குத்தான் வர்றாங்க."

"எலி கடிச்சிருக்கு டாக்டர். நாத்தம் தாங்கலை."

"நாத்தமா? என் எதிர்ல வாயைத் திறக்கறவங்களை நீங்க பாத்ததில்ல."

கியாரண்டிக்குத் தன் தவறு அப்போதுதான் உறைத்தது. புகழ்ந்திருந்தால் இந்த ஆள் சந்தேகப்பட்டுப் பின்வாங்கியிருப்பார். விற்கிறவனே சரக்கை இப்படித் தூற்றினால், உள்ளே ஏதோ புதையல் இருக்கிறது என்றுதானே எவனுக்கும் தோன்றும்!

"யாருங்க அது?" மனைவி வந்துவிட்டாள்.

"ஜிக்சா விஷயமா வந்தேம்மா. நாலு துண்டு காணோமாமே?"

"யார் சொன்னது? ஆயிரமும் இருக்கு. இப்பதான் சேத்து முடிச்சோம். உள்ள வந்து பாருங்க!" பெருமையில் கதவை விரியத் திறந்தாள்.

டாக்டர் மேசையைப் பார்த்தார். கண் விரிந்தது. "சொன்ன மாதிரியே திங்கட்கிழமைக்குள்ள சேத்துப் பாத்துட்டீங்களே! வெள்ளிக்கிழமை கடையில வாக்குக் குடுத்தப்போகூட நான் நம்பலை."

மனைவி கதவிலிருந்து கையை எடுத்தாள். டாக்டருக்கே தான் எதையோ மிதித்துவிட்டது புரிந்து, காலைப் பார்த்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையே வித்தாச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"அப்போ ரெண்டு நாளா நாம பாத்தது கடை வேலை."

"வெள்ளிக்கிழமை அது கடை வேலைதாம்மா. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எனக்கு அந்த ஞாபகமே இல்லை."

"கியாரண்டின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் சொல்லவில்லை.  அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"வாசல்ல இவர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணு குறையுதுன்னாரு. அப்புறம் நாலுன்னாரு. சாயம் போச்சு, எலி கடிச்சுது, நாத்தம்..."

"எலியா? சொந்தச் சரக்கையா? இவரா?"

சிரிப்பு அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இறக்கை இல்லாத விசிறிக்கே மாலை போட்ட மனுஷன்!" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"வாக்குக் குடுத்தாச்சு, குடுத்துடுங்க. ஆனா நானும் ஒண்ணு சொல்லியிருந்தேன். கடை உள்ள வந்துடுச்சு. இனிமே நான் கேக்க மாட்டேன்."

கியாரண்டியின் தோள் இறங்கியது.

"நீங்கதான் கேக்கணும். நான் யோசிச்சுச் சொல்வேன்."

மளிகை வியாபாரியின் மகள் ஒரே எட்டில் கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. டாக்டரையும் அவள் விடவில்லை.

"ரெண்டு பேர் ரெண்டு நாள் சேத்த கூலி என்ன ஆச்சு டாக்டர்?"

"ரெண்டு பேருக்கும் பல்லு சுத்தம் பண்ணி விட்டுடறேன்மா."

"ஐயையோ, எனக்கு வேண்டாம்," என்றார் கியாரண்டி.

"பேரம் முடிஞ்சுது," என்றாள் அவள்.

படத்தைக் கலைத்துக் கிளினிக்குக்கு எடுத்துப் போக மூவருக்கும் மனம் வரவில்லை. கட்டில் பலகையை உருவி, படத்தை அங்குலம் அங்குலமாக அதன்மேல் நகர்த்தினார்கள். அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை. டாக்டர் முன்னால் போய் சைக்கிள்களை நிறுத்தி வழி செய்தார். மழையில் கழுவின தெருவில் நாற்பது படகும் ஆடாமல் போயின.

"மேடு வருது, மெதுவா!" என்று டாக்டர் குரல் கொடுத்தார்.

"அடுத்த சனிக்கிழமை உனக்கு வேலை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் கியாரண்டி. பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் பலகை அவர் பக்கம் ஒரு விரல் சாய்ந்தது.

"ஏன்?"

"சும்மா, ஆத்துப் பக்கம் போயிட்டு வரலாமான்னு."

"எவ்வளவு நேரம்?"

"காலையில போனா மத்தியானம் வந்துடலாம்."

"கட்டுப்படி ஆகாது."

"சாயங்காலம் வரைக்கும்."

 பலகையில் கண் வைத்து நடந்தாள். பத்தடி, இருபதடி. இவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருந்து கியாரண்டிக்குப் பழக்கமில்லை.

"ஞாயித்துக்கிழமையும் சேத்து," என்றார். "ரெண்டு நாளும் கடை பூட்டு."

"பலகையை நேராப் பிடிங்க, நாய் கடல்ல விழுந்துடப் போகுது," என்றாள். இன்னும் நாலு எட்டு நடந்தாள். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"