எண்ணூறு மீட்டருக்கு மூன்றாவது ஆள்

1

போன மாதம் ஈஜோக்கில் ஒரு கல்யாணப் பந்தியில் இந்தக் கதை தொடங்கியது. இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே ரசவாளியோடு ஒருத்தி விரைந்து போனாள். குதிகால் தரையில் படவில்லை. ஐந்து வருடம் கழித்தும் அது கங்காவின் நடை என்று தெரிந்தது. நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டுப் பின்வழியாக வந்துவிட்டேன். பேச வேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: "1984இல் கோல சிலாங்கூர்த் திடலில் ஒரு பெண் காற்றைப் போல…"

(வேண்டாம். கங்கா மூச்சிரைக்க, வியர்வை வழிய ஓடுவாள். காற்றுக்கு வியர்க்காது.)

2

நடந்ததை நேராகச் சொல்கிறேன். கங்கா என் கல்லூரித் தோழி, பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்துப் பெண். செம்பனைக் குலை ஏற்றும் லோரி புறப்படும் முன்பே மண்சாலையில் ஓடி முடித்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவாள். மாநிலத் தேர்வுக்கு அழைப்பு வர வேண்டுமென்றால், கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் எண்ணூறு மீட்டர், அதாவது திடலை இரண்டு சுற்று, அவள் ஓடும் நேரம் பதிவாக வேண்டும். அது அவளுக்குக் கடைசி வருடம். அடுத்த மாதம் ரவாங் தொழிற்சாலை வேலை.

பெண்கள் ஓட்டத்துக்கு மூன்று பேராவது வேண்டும் என்று விதி. வந்தவர்கள் இரண்டு பேர். மூன்றாமவளுக்குக் காய்ச்சல்.

"ஓட்டம் ரத்தும்மா," என்றார் எங்கள் விளையாட்டுப் பொறுப்பாளர் உடையப்பன்.

"சார், அங்க கம்பு ஊனித் தாண்டுறவங்களும் ரெண்டே பேருதானே?"

"அது ஆம்பளைங்க ஐட்டம் லா. கோப்பைக்குப் பாயிண்ட் இருக்கு. ஒங்க பாயிண்ட்ட யாரு சேக்கறா?"

"அப்ப எங்கள எதுக்கு சார் பஸ்ல ஏத்துனீங்க? தண்ணி ஊத்திக் குடுக்கவா?"

அவர் பெயர்ப்பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

[உடையப்பன் கெட்டவர் அல்லர். எங்களிடம் தன் குடையைக் கொடுத்துவிட்டு நாளெல்லாம் வெயிலில் நின்றவர். அந்த விதி நியாயமா என்று மட்டும் அவர் யோசித்ததில்லை.]

3

மூன்றாவது ஆளை நானே படைத்துவிடலாம் என்று பார்த்தேன். கெர்லிங்கிலிருந்து கலாவதி என்றொருத்தி. தாமதமாகப் பஸ்ஸைவிட்டு இறங்கி, "நான் ஓடுறேன் சார்" என்று…

கலாவதியை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு பக்கம் எழுதியும் அவளுக்கு முகம் வரவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு முகம் இருந்தது.

4

மாற்று ஓட்டக்காரியாகப் பட்டியலில் இருந்த பெயர் இராஜம்மா. அது நான்.

"இராஜி, சும்மா வந்து நில்லுடி. நடந்தே வா, போதும்," என்றாள் கங்கா.

என் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். காப்புக் கட்டியவள் கால் தெரியக் கால்சட்டை போட்டு எல்லார் முன்னாலும் ஓடினால் விரதம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கையை உயர்த்திக் காப்பைக் காட்டினேன். கங்கா அதற்குமேல் கெஞ்சவில்லை.

சற்று நேரம் கழித்து ஓர் இளநீரோடு வந்தாள்.

"காலையிலேருந்து பட்டினி கெடக்குற. இது விரதத்துக்கு ஆகும்தானே?"

அவள் காலணிக் கயிறுகள் இன்னும் இறுக்கிக் கட்டியபடியே இருந்தன.

திருவிழாவன்று பூசாரி சன்னாசியிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"இங்க கோயில மூணு சுத்து சுத்துற. அந்தப் புள்ளைக்காக அங்க ரெண்டு சுத்து சுத்தியிருந்தா, ஆத்தா வேணாம்னா சொல்லியிருப்பா?"

5

முடிவு ஒன்று: நான் ஓடுகிறேன். கங்கா முதலில் வருகிறாள். நேரம், இரண்டு நிமிடம்…

(எத்தனை நொடி? இதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அந்த எண் உலகத்தில் எங்கேயும் இல்லை. சாமி கும்பிடும்போதுகூட அதைக் கேட்டிருக்கிறேன்.)

முடிவு இரண்டு: ஈஜோக் பந்தியில் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். அவள், "மொதல்ல சாப்புடுடி, ரசம் ஊத்தவா?" என்கிறாள்.

(இது நடந்திருக்கக்கூடியது. நான்தான் இலையை மூடிவிட்டேன்.)

6

ஆகவே, இதைப் படிப்பவரே, கங்காவைக் கோட்டிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். பக்கத்துத் தடத்தில் வேறு கல்லூரிப் பெண் ஒருத்தி. அதற்கடுத்த தடம் காலி. உடையப்பன் விசிலை வாயருகே கொண்டுபோய் எண்ணிப் பார்க்கிறார்.

நீங்கள் வேகமாக ஓட வேண்டியதில்லை. கடைசியில் வந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றால் போதும். கையில் காப்பு இருந்தாலும் வாருங்கள்.