ஈரத் தலையோடு வந்தவன்

மதியம் மூன்று மணி இருக்கும். சோளமாவுக் கஞ்சியை இரண்டாவது கரண்டி ஊட்டியபோது அப்பா என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துச் சிரித்தார். கஞ்சி தாடையில் வழிந்தது.

"ஏன்டா வெளியவே நிக்கிற? உள்ள வா."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது. முற்றத்துக் கொடியில் அவருடைய விரிப்பு ஆடாமல் தொங்கியது.

"யாருப்பா?"

"ஒஸ்மின் வந்திருக்கான். தலையெல்லாம் ஈரம். துண்டு எடுத்துக் குடு, மிரெயா."

கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை.

ஒஸ்மின் என் தம்பி. அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிவதற்கு முன்பே, திருட்டுத்தனமாக எல்லை தாண்டிப் பிழைக்க வடக்கே கிளம்பிவிட்டான். அப்பாவிடம் நான் சொல்லி வைத்திருந்தது வேறு: எங்கள் நாட்டிலேயே சான் பெட்ரோ சூலா நகரத்தில் துணி ஆலை வேலை, லீவு கிடைக்கவில்லை என்று. பதினொரு நாளுக்கு முன்னால் மெக்சிகோவின் எல்லை ஆற்றங்கரையிலிருந்து அவன் பேசினான். "நாளைக்கு ஆத்தக் கடக்கறோம்க்கா. போன பிளாஸ்டிக் பையில கட்டிட்டேன். அந்தப் பக்கம் போய்ப் பேசறேன்." அதன் பிறகு பேச்சே இல்லை. ஆற்றைப் பற்றி அப்பாவுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஈரத் தலையைப் பற்றி எப்படிச் சொன்னார்?

நான்கு மணிக்கு ஊசி போட ரோசெண்டா அக்கா வந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ். எங்கள் பேட்டையில் கடைசி மூச்சு விட்டவர்களில் பாதிப் பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். அவளை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போனேன்.

"அக்கா, சாகப் போறவங்க யாரைப் பார்ப்பாங்க? உயிரோட இருக்கறவங்களையும் பார்ப்பாங்களா?"

அவள் கையைச் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினாள். "நான் பார்த்த வரைக்கும் முக்காவாசிப் பேரு செத்தவங்களத்தான்..." என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "எனக்குப் பொய் சொல்ல வராது, மிரெயா."

"ஊசி மருந்தாலயா இருக்கும்?"

"மருந்துல வர்றது வேற. எறும்பு ஊருதும்பாங்க, சுவரு அசையுதும்பாங்க, கத்துவாங்க. இது வந்தா அமைதியாயிடறாங்க. ஏன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நீ பயந்துபோய் அவர் வாய மூடாத. என்ன பார்க்கறார்னு கேளு."

நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அந்தப் புழுக்கத்தில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். என் பின்னால் யாரும் நிற்க இடமில்லாதபடி சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். சாகிற மனிதர்மேல் கோபம்கூட வந்தது. அப்பா வேர்த்து நனைந்தபடி என்னைப் பார்த்தார்.

"கதவ எதுக்குடி சாத்தற? அவன்தான் உள்ள வந்துட்டானே. உன்னையேதான் பார்த்துக்கிட்டிருக்கான்."

அப்பாவுக்குக் கேட்காமல், "ஒஸ்மின், போயிடுடா. என்னைப் பார்க்காத" என்றேன். சொன்னதும் என்மேலேயே அருவருப்பு வந்தது. சின்ன வயதில் இடுப்பில் வைத்துத் தூக்கியவனை விரட்டுகிறேன்.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்தேனே தவிரப் பேச நாக்கு எழவில்லை.

"அக்கா? ஏன் பேச மாட்டேங்கற? நான்தான்."

"எங்கடா இருக்க, நாயே!"

"ஆத்துல எறங்கறதுக்கு முன்னாடியே புடிச்சிட்டாங்க. போனப் புடுங்கி உள்ள வெச்சிருந்தாங்க. நேத்துதான் விட்டாங்க. அழாதக்கா. அப்பா எப்படி இருக்கார்?"

அழுதுகொண்டே அறைக்குள் ஓடினேன். இத்தனை நாள் கட்டிக் காத்த பொய்யெல்லாம் மறந்துபோனது. "அப்பா, ஒஸ்மின் உயிரோட இருக்கான்! மெக்சிகோவுலேர்ந்து பேசறான்!"

அப்பா ஆச்சரியப்படவே இல்லை. "சின்னவனா?" என்றார்.

"சின்னவன்னா?"

"இவன் பெரியவன்டி. உனக்கு முன்னாடி பொறந்தவன். மூணே நாள்தான் இருந்தான். பாதிரியார் வர்றதுக்குள்ள போயிடுவான்னு உங்கம்மாவே ஞானஸ்நானம்னு தலையில தண்ணிய ஊத்தி ஒஸ்மின்னு பேரு வெச்சா. தொடச்சு விடக்கூட நேரமில்ல." மூச்சு வாங்கினார். "யாருகிட்டயும் சொல்லாதேன்னா. அப்புறம் அந்தப் பேரையே சின்னவனுக்கு வெச்சோம்."

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. தலைப்பிள்ளை நான்தான் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தாள்.

"எப்படி வளர்ந்துட்டான் பாரு. என் உயரம்."

தம்பி பிழைத்துவிட்டான் என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இதுவரை பயந்ததாவது முகம் தெரிந்த ஒருவனுக்காக. என்னைவிட மூத்த, எனக்கு முகமே தெரியாத ஓர் ஆண் இந்த அறையில் எங்கே நிற்கிறான்? ரோசெண்டா சொன்னது நினைவுக்கு வந்தது. முதல் முறையாகக் கேட்டேன்.

"என்ன சொல்றான்ப்பா?"

"ஒண்ணும் சொல்லல. உக்காரணுமாம்." அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, காய்ந்த கால்களை ஒவ்வொன்றாகச் சுவர்ப்பக்கம் இழுத்து, கட்டிலின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார். "நீ வழியில நிக்கற, மிரெயா. கொஞ்சம் நகரு."

கையிலிருந்த போனில் தம்பி, "யாருகிட்டக்கா பேசறார் அப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் நகர்ந்தேன். அப்பாவின் வலது கை மெல்ல எழுந்து, உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் கன்னம் இருக்கும் உயரத்தில், விரல்கள் லேசாக வளைந்தபடி, நடுங்காமல் நின்றது.